பாட்டு மிஸ்ஸைப் பிடித்த சனி

சனிக்கிழமையில் இரும்புச் சாமான் வாங்கக்கூடாது என்று என் மகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்காமல் விட்டது சரிதானா என்று சில சனிக்கிழமைகளில் யோசிப்பேன். போன மாதம் அவளுக்குக் கத்தரிக்கோல் ஒன்று தேவைப்பட்டது. கடை வாசல்வரை போய்விட்டு, நாளைக்கு வருவோம் என்று திரும்பிவிட்டேன். "ஏம்மா?" என்று கேட்டாள். கடையில் கூட்டம் என்றேன். கடையில் ஒருவரும் இல்லை. அவள் கடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

இந்த இரும்புப் பயத்தை எனக்குள் போட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. அது போக, தோட்டத்தில் சொந்தமாகப் பஞ்சாங்கம் வைத்திருந்த இருவரில் அவர் ஒருவர். மற்றவர் கோயில் பூசாரி. பூசாரியிடம் இருந்தது போன வருடத்துப் பஞ்சாங்கம் என்பதால் மாமாவுக்கே மதிப்பு அதிகம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இலங்கையில் கஹவத்தைக்கு மேலே, கீழ்ப்பாதி ரப்பரும் மேல்பாதி தேயிலையுமான ஒரு தோட்டம் எங்களுடையது. நான் ஐந்தாம் ஆண்டில் படித்தேன். எங்கள் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம்தான். கரும்பலகைகளை நடுவில் நிறுத்தி ஐந்து வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். பெரிய வாத்தியாரோடு சேர்த்து மூன்று ஆசிரியர்கள். நேரசூசியில் செவ்வாயும் வியாழனும் சங்கீதம் என்று எழுதியிருக்கும். அந்த நேரத்தில் நாங்கள் பள்ளிக்கூடத்து முற்றத்தில் புல் பிடுங்குவோம். புல் பிடுங்குவதற்குப் பெயர்தான் சங்கீதம் என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர் நிஜமாகவே நம்பியிருந்தார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் வெளிநாட்டிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு மிஸ் வந்தார். காலைக் கூட்டத்தில் பெரிய வாத்தியார் அவரைப் பக்கத்தில் நிறுத்தி, இவர் தம் நாட்டில் ஒரு யூதப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுப்பவர், உங்களுக்கும் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறார் என்றார். நாங்கள் கைதட்டினோம். சிலர் முற்றத்துப் புல்லைப் பார்த்தார்கள்.

அன்று மாலை வீட்டில் அதுதான் பேச்சு.

"யூதப் பள்ளிக்கூடம்னா?" என்று அம்மா கேட்டாள்.

"யூதருங்க இருக்காங்கல்ல, ஏசுசாமி பொறந்த ஊரு பக்கம்," என்றார் மாமா.

"அப்ப வேதக்காரங்களா?"

"இல்லியாம்."

"பின்ன?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "அதுக்கும் முந்தி," என்றார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

மிஸ் வகுப்புச் சுவரில் ஒரு படம் ஒட்டினார். அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அரைவட்டமாக நிற்கும் படம். பையன்களின் உச்சந்தலையில் ஒட்டிவைத்த மாதிரி சின்ன வட்டத் தொப்பி. முன்வரிசையில் ஒரு சிறுமிக்கு முன்பல் இரண்டும் இல்லை. வாயை மூடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அப்போது விழவேண்டிய பல் ஒன்று பாக்கி இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்திலும் பல் விழுகிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அவர் சங்கீதம் சொல்லிக்கொடுத்த விதம் நாங்கள் கேள்விப்படாதது. கொப்பி, பென்சில் வேண்டாம் என்றார். முதல்நாள் எங்களைக் கண்ணை மூடவைத்து, என்னென்ன கேட்கிறது என்று மட்டும் கேட்டார். ஸ்டோர் காற்றாடி, பீலியில் விழும் தண்ணீர், யாரோ ரப்பர்பால் வாளியைக் கீழே வைக்கும் சத்தம், கடைசி வாங்குப் பலகையில் ஒருவன் மூக்கு உறிஞ்சுவது. எல்லாவற்றையும் அவர் கரும்பலகையில் எழுதினார், மூக்கு உறிஞ்சியதையும். பிறகு ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சாடை காட்டினார். ஸ என்றால் மூடிய கை. மேலே போகப் போகக் கை விரியும், சாயும், ஏறும். ஒரு வாரத்தில் நாங்கள் வாய் திறக்காமல் வகுப்பின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பாடிக்கொண்டோம். இரண்டு பேர் கைச்சாடையில் ஏசிக்கொண்டு அடியும் வாங்கினார்கள்.

அவரிடம் ஒரு இசைக்கவை இருந்தது. இரண்டு பல் வைத்த முள்ளுக்கரண்டி மாதிரி இருக்கும். நாங்கள் அதைக் கரண்டி என்றே சொன்னோம். முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, காம்பை வாங்கில் வைத்தால் வாங்கு பாடும். ஒருநாள் அதை என் முழங்கை எலும்பில் வைத்தார். சத்தம் எலும்புக்குள்ளேயே ஓடிவந்து காதில் நின்றது. நான் பிடித்துக்கொண்டு அந்தச் சுரத்தை அப்படியே பாடினேன். மிஸ் மறுபடி தட்டினார், மறுபடி பாடினேன். அன்றிலிருந்து பாட்டைத் தொடங்கிவைப்பது என் வேலையாயிற்று. எனக்குக் குரல் நன்றாக இருந்ததால் இல்லை. பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் மற்றவர்களைவிடக் கூர்ந்து கேட்பேன், அவ்வளவுதான்.

அவர் சொல்லிக்கொடுத்த பாட்டுக்குச் சொல்லே கிடையாது. லை லை என்றும் பம் பம் என்றும் ஏறி இறங்கும் ஒரு மெட்டு. அவருடைய பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகுமுன் எல்லாப் பிள்ளைகளும் கூடி இதைப் பாடுவார்களாம். பள்ளிக்கூடங்களுக்கான கோட்டமட்டப் பாட்டுப் போட்டிக்கு இதையே பாடலாம் என்று பெரிய வாத்தியார் முடிவு செய்தார். விண்ணப்பத்தில் 'பாடலின் மொழி' என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு 'பொது' என்று எழுதினார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. போட்டித் தேதியை அறிவித்த அன்றுதான் இடி விழுந்தது. போட்டி ஒரு சனிக்கிழமை. மிஸ் வரமாட்டார் என்றார்கள்.

மிஸ்ஸின் சனிக்கிழமைகளை நாங்கள் ஏற்கெனவே கவனித்திருந்தோம். பள்ளிக்கூடத்தை ஒட்டிய குவாட்டர்ஸில்தான் அவர் தங்கியிருந்தார். அன்றைக்கு மட்டும் அடுப்பு மூட்டமாட்டார். எழுதமாட்டார். கரண்டியைத் தொடமாட்டார். ஒருமுறை தோட்டத்துத் துரை ஜீப்பை நிறுத்தி ஏறச்சொன்னபோதும் சிரித்துத் தலையாட்டிவிட்டு நடந்தே போனார். மற்ற நாட்களில் ஓடியாடித் திரிபவர், அன்று பகலில் தூங்கினார்.

"அவங்க மார்க்கத்துல வெள்ளிக்கிழம பொழுது சாஞ்சதுலருந்து சனிக்கிழம இருட்டுற வரைக்கும் ஓய்வு நாள். வண்டியில ஏறக்கூடாது," என்று பெரிய வாத்தியார் எங்களுக்கு விளக்கினார். அதை நான் வீட்டில் அப்படியே ஒப்பித்தேன்.

மாமா சிரித்தார். "ஓய்வு நாளாம்! பெரிய வாத்தியாரு மரியாதைக்குச் சொல்றாரு. புள்ள, இது ஏழரைநாட்டுச் சனி. சனிக்கி இன்னொரு பேரு என்னா? மந்தன். பகல்ல தூக்கம் வருதா? வருது. அடுப்பு பத்த மாட்டேங்குதா? மாட்டேங்குது. வேற என்னா வேணும்?"

"வெள்ளக்காரங்களுக்குமா சனி புடிக்கும்?" என்று அம்மா கேட்டாள்.

"சனி பாஸ்போட்டு பாத்தா புடிக்கிறாரு? யோசிச்சுப் பாரு அக்கா. ஏரோப்பிளேன் ஏறி, சொந்த பந்தத்த விட்டுட்டு, நம்ம தோட்டத்துக்கு வந்திருக்காங்க. சனி புடிக்காம யாராச்சும் நம்ம தோட்டத்துக்கு வருவாங்களா?"

ஞாயிற்றுக்கிழமையும் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கும் அம்மா, பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே, "அடுப்பு மூட்டாம, வேல செய்யாம, பகல்ல தூக்கம். அந்தச் சனி என்னயும் ஒருவாட்டி புடிச்சா நல்லாருக்கும்," என்றாள். மாமா அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஸ் இல்லாமல், கரண்டியின் சத்தம் இல்லாமல், நான் எந்த இடத்தில் பிடிப்பேன்? ஒருநாள் ஒத்திகையில் உயரத்தில் பிடித்துவிட்டேன். மூன்றாம் ஆண்டுச் சின்னதுகள் ஏறமுடியாமல் பூனைக்குட்டிகள் மாதிரிக் கத்தின. அது மேடையில் நடந்தால்? தொடங்குகிறவள் நான். பழி முழுக்க எனக்குத்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மிஸ் என்னைக் கூப்பிட்டார். கரண்டியைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி என் கையில் வைத்தார். எங்களிடம் பொறுக்கிய தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். "நாளை. முழங்கால். டக். கேள். பாடு." என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. ஓட்டமாக வீட்டுக்குப் போனேன். இஸ்தோப்புத் திண்ணையில் மாமா உட்கார்ந்திருந்தார்.

"என்னாது?"

காட்டினேன்.

"இரும்பு." அவர் குரல் தாழ்ந்தது. "சனிக்கி உரிய உலோகம் என்னா தெரியுமா? இரும்பு. சனிக்கிழம இரும்பு வாங்குறதே ஆகாது. அதுலயும் சனி புடிச்சவங்க கையால வாங்கி, சனிக்கிழம கையில வச்சிக்கிட்டு ஊருக்குள்ள போறியா? ஏழரையும் ஒனக்கு எறங்கிரும்டி. ஓடு, குடுத்துட்டு வா."

ஏழரை வருடம் என்றால் எனக்குப் பதினேழரை வயது ஆகிவிடும். ஓடினேன்.

பொழுது சாயும் நேரம். மிஸ்ஸின் சன்னல் திறந்திருந்தது. உள்ளே மேசையில் இரண்டு மெழுகுவர்த்தி எரிந்தது. அவற்றின் முன்னால் மிஸ் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார். உதடுகள் அசைந்தன. நல்லெண்ணெய் கிடைக்காத ஊர்க்காரர் சனீஸ்வரனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி அழுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மாமா எவ்வளவு பெரிய ஆள் என்று அந்த நொடியில் நினைத்தேன். கைலேஞ்சியோடு கரண்டியை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தேன்.

விடிந்ததும் நான் லொறி ஏறப்போகும் வழியில் மிஸ் படியில் நின்றார். கைலேஞ்சி காற்றில் பிரிந்து, கரண்டி வெயிலில் பளபளத்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எடுத்துக்கொள் என்று கண்ணால் காட்டினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் குனிந்து அதை எடுக்கவும் இல்லை. அவருக்கே தொடப் பயம் என்று குறித்துக்கொண்டேன். பிறகு என் காதருகில் வந்து, வாயை மூடியபடி அந்தச் சுரத்தைப் பாடினார். நானும் பாடினேன். "கொண்டு போ," என்றார்.

கொண்டுபோனேன். கொழுந்து லொறியில் பெரிய வாத்தியார், மாமா, பதினாறு பிள்ளைகள். எனக்கு முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் இடம். வாயில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நடப்பவளைப் போல, ம்ம்ம் என்று இழுத்தபடியே உட்கார்ந்திருந்தேன். மூச்சு வாங்கும் நேரம் தவிர நிறுத்தவில்லை.

"கரண்டிய எடுத்தியா?" என்று பெரிய வாத்தியார் கேட்டார்.

"ம்ம்ம்."

"சாப்டியா?"

"ம்ம்ம்."

டிரைவர் மாத்தயாவுக்குப் பொறுக்கவில்லை. வயிற்றுவலி என்று நினைத்துவிட்டார். "படே கெக்குமத, நங்கி?" என்று சிங்களத்தில் கேட்டு, லொறியை நிறுத்தி, எனக்கு இஞ்சி டொபி ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தொடர்ந்தேன். கஹவத்தைக்குக் கிட்ட, ஒரு வளைவில், எதிரே வந்த பஸ்காரன் ஹோர்னை அமுக்கினான் பாருங்கள், வளைவு முடியும்வரை விடவில்லை. அது ஓய்ந்தபோது என் வாயில் ஒரு சத்தம் இருந்தது. அது மிஸ் கொடுத்ததா, பஸ் கொடுத்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு முன் இரண்டு பள்ளிக்கூடங்கள் பாடின. மண்டபத்துக்குப் பின்னால் நின்று நான் மூன்று நான்கு சுரங்களைப் பாடிப்பார்த்தேன். எல்லாமே அதுதான் போலவும் இருந்தது, எதுவுமே அது இல்லை போலவும் இருந்தது. பெயர் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறினோம். முன்வரிசையில் மாமா, கோயிலில் நிற்பவரைப் போலக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்.

கண்ணை மூடி, தொண்டையில் முதலில் வந்து நின்றதைப் பிடித்தேன். பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். முதல் வரி ஓடியது. இரண்டாவது வரி ஏறும் இடத்தில், இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பையன் 'வீல்' என்று கத்தினான். மண்டபம் சிரித்தது. உயரத்தில் பிடித்துவிட்டேன், சின்னதுகளால் ஏறமுடியவில்லை! அப்படியே விடுவதா? நிறுத்தினால் புள்ளி போகும். நிறுத்தாவிட்டால் பாட்டே போகும். மூடிய கையை உயர்த்தினேன். பதினாறு பேரும் ஒரே வெட்டாக நின்றார்கள். பிறகு, ஒரு படி தாழ்த்தி, முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை யாரும் கத்தவில்லை. கடைசி பம் பம்வரை போய்ச் சேர்ந்தோம்.

நடுவர்கள் மூவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு விண்ணப்பத்தைப் புரட்டினார்கள். மொழி பொது என்று போட்டிருந்ததால், கத்தியதும் நிறுத்தியதும் மறுபடி தொடங்கியதும் பாட்டிலேயே உள்ளவை என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. "கூட்டு ஒழுக்கம் மிகவும் சிறப்பு" என்று எழுதி எங்களுக்கு இரண்டாம் இடம் கொடுத்தார்கள். வந்தவை மொத்தம் மூன்று பள்ளிக்கூடங்கள். மாமா அந்தக் கணக்கைத் தோட்டத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

பின்னேரம் தோட்டத்துக்குத் திரும்பியதும் நான் நேரே குவாட்டர்ஸுக்கு ஓடினேன். மிஸ் படியில் உட்கார்ந்திருந்தார். கரண்டி காலையில் கிடந்த இடத்திலேயே கிடந்தது. இரண்டாம் இடம் என்று இரண்டு விரலைக் காட்டினேன். அவர் எழுந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். இறக்கிவிட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தப்பாப் புடிச்சிட்டேன் மிஸ். ஒசரத்துல. அப்பறம் நிப்பாட்டி எறக்கினேன்," என்று கையை மேலும் கீழும் காட்டிச் சொன்னேன்.

"பாடு," என்றார். முதலில் பிடித்ததைப் பாடிக்காட்டினேன், பிறகு தாழ்த்தியதை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கரண்டியைப் பார்த்தார். எடுக்கவில்லை.

எனக்கு இரக்கமாகப் போயிற்று. "மிஸ், சனி எப்ப விடும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவருக்குச் சனி என்ற சொல் தெரியும். முகம் மலர்ந்தது. வானத்தைக் காட்டினார். "மூணு நட்சத்திரம்," என்றார்.

மாமா இதைக் கேட்டிருக்கவேண்டும்! அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி அசுவினி, பரணி, கார்த்திகை என்று கணக்குப் போடுவதை இந்த மிஸ் விரல்நுனியில் வைத்திருந்தார். எந்த மூன்று நட்சத்திரம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்டோர் கூரைக்கு மேலே முதல் நட்சத்திரம் தெரிந்தது. மிஸ் ஒரு விரல் நீட்டினார். அப்போதுதான் அவர் சொன்னது அசுவினியும் பரணியும் இல்லை, சும்மா வானத்து நட்சத்திரம் என்று விளங்கியது. நான் ஒரு மின்மினியைக் காட்டினேன். அது செல்லாது என்றார். ரப்பர் மரங்களுக்கு மேலே இரண்டாவது வந்தது. மூன்றாவதை மேகம் பிடித்து வைத்துக்கொண்டது. வெகுநேரம் கழித்துத்தான் விட்டது.

மூன்றையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ ஒரு வரி முணுமுணுத்தார். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு குனிந்து கரண்டியை எடுத்து, பாவாடையில் துடைத்து, முழங்காலில் தட்டி, என் முழங்கையில் வைத்தார்.

எலும்புக்குள் ஓடிவந்த சத்தம், நான் முதலில் பிடித்த அதே சுரம். இம்மியும் பிசகவில்லை. லொறியிலும் ஹோர்னிலும் இஞ்சி டொபியிலும் தப்பிப் பிழைத்துச் சரியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது, நான்தான் நம்பவில்லை. அந்தப் பையன் கத்தியது பக்கத்தில் நின்றவன் இரவல் சப்பாத்தால் அவன் கால்விரலை மிதித்ததால் என்று திங்கட்கிழமைதான் தெரிந்தது. சரியாகச் செய்ததை நிறுத்திவிட்டுத் திருத்துகிற இந்தப் புத்தி இன்றுவரை என்னை விடவில்லை. மிஸ் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நட்சத்திரம் பார்த்ததும் சனி விட்டுவிட்டது, மிஸ் உடனே இரும்பைக் கையில் எடுத்துவிட்டார் என்றேன். அதற்குமுன் பெரிதாக ஒரு மூச்சு விட்டதையும் சொன்னேன்.

"விடாம?" என்றார் மாமா. "எப்பேர்ப்பட்ட பாரம் எறங்கியிருக்கு. பெருமூச்சு வராதா பின்ன?"

நானும் தலையாட்டினேன். வாரம் முழுக்க எதிர்பார்த்திருந்த அந்த ஓய்வு நாளை, ஒரு விருந்தாளியைப் போல வாசலில் நின்று வழியனுப்பியவர் விட்ட மூச்சு அது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.